புலம்பெயர் பிள்ளையும் தாய்மொழிச் செபமும்

புலம்பெயர்ந்தோர் இலக்கியம் பற்றிப் பேசும்போது, அங்கு வளரும் பிள்ளையின் நாவிலே தமிழ் எதனால் தங்குகின்றது என்பதையும் சிந்தித்தல் வேண்டும். நான் சைவன், கல்லூரியிலே தமிழ் கற்பிப்பவன். ஆயினும் இன்று கத்தோலிக்கப் பிள்ளைகளைப் பற்றியே சில கருத்துக்களைக் கூற விழைகின்றேன்.

ரியூனியன் தீவிலே 1848இல் அடிமை முறை ஒழிந்தபின், கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர் பலர் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்தம் பிள்ளைகள் பலர் திருமுழுக்குப் பெற்றனர். முதற்பெயர் பிரெஞ்சாயிற்று, குடும்பப் பெயர் தமிழாகவே நின்றது. அக்காலத்தில் திருப்பலி இலத்தீனில் நடந்தது. ஞாயிறன்று தேவாலயம் சென்றவர்களே காவடியும் எடுத்தனர், தீயும் மிதித்தனர். சமயம் இரண்டும் நிலைத்தன. பேச்சுத் தமிழோ கிரியோல் மொழிக்கு இடம்விட்டு அகன்றது. இதற்குத் தேவாலயத்தை மட்டும் குறைகூறுதல் நியாயமன்று. தோட்டமும் பள்ளிக்கூடமும் தமிழ் பேசவில்லை என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–1965) வழிபாட்டிலே தாய்மொழிக்கு வழி திறந்தது. எனவே, 1983இன் பின் நம்மவர் ஐரோப்பாவுக்கு ஏதிலிகளாய்ச் சென்றபோது நிலைமை வேறாக இருந்தது. தமிழ்க் குருமார் தமிழிலே திருப்பலி ஒப்புக்கொடுத்தனர். பிள்ளைகள் தமிழிலே செபிக்கப் பழகினர். ஜேர்மனியின் கெவலார் யாத்திரைத் தலம் 1642இல் ஒரு நடைவியாபாரியால் தோன்றியது. துன்புறுவோரின் ஆறுதலாகிய அன்னையை நாடி, ஆகஸ்ட் மாதத்தில் ஆயிரக்கணக்கான தமிழர் அங்கு கூடுவர், சைவரும் செல்வர். மடுவுக்குச் சென்று பழகியவர்களுக்கு இதில் வியப்பில்லை. மடு மாதாவின் திருச்சொரூபமும் இடம்பெயர்ந்ததுதானே! ஒல்லாந்தருக்கு அஞ்சி 1670இல் மாந்தையிலிருந்து காட்டுக்குச் சென்றது. 2008 ஏப்ரலிலே போரினால் தேவன்பிட்டிக்குச் சென்று ஆகஸ்டிலே மீண்டது.

எங்கள் திருகோணமலைத் துறைமுகப் பக்கத்திலே என் பழைய மாணவி ஒருத்தியின் வீடு இருக்கின்றது. ஜேர்மனியிலே பிறந்த அவளுடைய மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். மாலைச் செபமாலையைப் பிழையின்றிச் சொன்னாள். சிறிது நேரத்தில் அம்மம்மா, "பிள்ளை, அந்தச் சுளகை எடுத்துத் தாங்கோ" என்றார். பிள்ளை திகைத்து நின்றாள். அருள், இரக்கம், மன்றாட்டு ஆகிய சொற்களை அறிந்தவளுக்குச் சுளகு தெரியவில்லை.

இது கத்தோலிக்கருக்கு மட்டும் உரிய குறையன்று. கோணேசர் மீது சம்பந்தர் பாடிய பதிகத்தை மனனம் செய்த சைவப் பிள்ளைகள் நிலையும் இதுவே. ஜேர்மனியின் ஹம் நகரிலே 2002இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் ஆலயம் தமிழரை ஒன்றுகூட்டுகின்றது. ஆனால் கோவிலில் மட்டும் கேட்கும் தமிழ் பிள்ளைக்கு வீட்டுமொழி ஆகிவிடாது.

இதிலே ஓர் ஆபத்து உண்டு. பதினாறு, பதினேழு வயதிலே பிள்ளைகள் சிலர் வழிபாட்டை விட்டு விலகுவர். தமிழ் செபத்தோடு மட்டும் பிணைந்திருந்தால், அன்றே அதுவும் விலகிவிடும். சண்டை பிடிக்கவும், பகிடி விடவும், கறிக்கு உப்புக் காணாது என்று சொல்லவும் தமிழ் இருந்தாற்றான் அது மொழியாக நிலைக்கும். நாளை அப்பிள்ளை ஒரு கதை எழுதவும் கூடும்.

ஆலயம் தன் கடமையைச் செய்திருக்கின்றது. எஞ்சியது அடுப்படியின் கடமை. பிள்ளைகளோடு வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் பேசும் பேரர்களும் பேத்தியர்களும் இதனை மனங்கொள்வார்களாக.