யார் அந்த பாப் மாமா?

ஒரு வேலையைச் செய்யும் விதத்தைச் சொல்லி முடித்ததும் பிரிட்டனில் 'பாப்ஸ் யுவர் அங்கிள்' (பாப் உன் மாமா) என்பார்கள். "தண்ணீரைக் கொதிக்க வை, தேயிலையைப் போடு, பாப்ஸ் யுவர் அங்கிள்!" அவ்வளவுதான், வேலை முடிந்தது என்று அர்த்தம்.

யார் இந்த பாப்? பலரும் கைகாட்டுவது பிரதமர் சாலிஸ்பரி பிரபுவை. அவர் பெயர் ராபர்ட். அதன் செல்லச் சுருக்கம் பாப். 1887-இல் தம் சகோதரி மகன் ஆர்தர் பால்ஃபரை அயர்லாந்து விவகாரங்களுக்கான தலைமைச் செயலராக நியமித்தார். தாய்மாமன் தயவில் வந்த பதவி என்று பேச்சு எழுந்தது.

கதை கச்சிதம்தான். ஆனால் இந்தத் தொடர் அச்சில் தென்படுவதோ 1924-இல், ஸ்காட்லாந்தின் டண்டீ நகர அரங்கில் நடந்த இசை நிகழ்ச்சியின் தலைப்பாக. இடையே 37 ஆண்டு மௌனம்! 'எல்லாம் பத்திரம்' என்ற பொருளில் 'ஆல் இஸ் பாப்' என்றொரு கொச்சை வழக்கு அதற்கும் வெகுகாலம் முன்பே இருந்தது. அதுவே வேர் என்போரும் உண்டு.

அகராதி அறிஞர்கள் இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை. சுவையான கதை காதில் விழுந்தால், அது எழுத்தில் பதிவான ஆண்டையும் கேட்டுப் பார்ப்போம்.