பித்தளைக் குழலில் கமகம்

ஜாஸ் என்றதும் நம் நினைவில் முதலில் எழுவது சாக்ஸபோன். பித்தளையால் ஆனதெனினும் இது மரக்குழல் இனத்தைச் சேர்ந்தது. மூச்சுபட்டு அதிரும் நாணல் சீவாளியே இதற்குக் காரணம். பெல்ஜிய நாட்டவரான அடால்ஃப் சாக்ஸ் 1846இல் பாரிஸில் இதற்குக் காப்புரிமை பெற்றார். இராணுவ இசைக்குழுக்களில் இடம்பெற்ற இக்கருவி, பின்னர் அமெரிக்க ஜாஸ் இசையின் அடையாளமாயிற்று.

நம் கர்நாடக இசைக்கு இது எளிதில் இணங்கும் கருவியன்று. நாகஸ்வரத்தின் துளைகளை விரல்களே நேரடியாக மூடுகின்றன. விரல் சிறிது நகர்ந்தாலும் ஸ்வரம் குழைந்து வழுகும். சாக்ஸபோனிலோ விரலுக்கும் துளைக்கும் இடையே விசைகள் நிற்கின்றன. ஆகவே, கமகத்தின் பெரும்பகுதியை உதடும் மூச்சுமே உருவாக்க வேண்டும்.

அதனைச் சாதித்தவர் தென் கன்னடப் பகுதியில் 1949இல் பிறந்த கத்ரி கோபால்நாத். நாகஸ்வரக் கலைஞரின் மைந்தரான அவரை, மைசூர் அரண்மனை இசைக்குழுவில் ஒலித்த சாக்ஸபோன் ஈர்த்தது. பல்லாண்டு உழைத்துப் பழகிய அவர், சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடமும் பயின்றார். 1994இல் லண்டன் பி.பி.சி. ப்ராம்ஸ் விழாவில் வாசித்தார். 2004இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

2019இல் அவர் மறைந்தார். எனினும், கடலோரக் கர்நாடகத்தின் திருமணங்களிலும் ஆலய விழாக்களிலும் நாகஸ்வரம் ஒலித்த இடத்தில் இன்று சாக்ஸபோனையும் நாம் கேட்கலாம்.