விடிய ஐந்து மணிக்கு

விடிய ஐந்து மணிக்கு வட்டுக்கோட்டையில் எங்கள் வீட்டு விறாந்தையில் மேசை லாம்பைப் போடுவேன். சீனிப் போத்தலில் ஃபோனைச் சாய்த்து வைத்து யூடியூப் நேரலையைத் தொடங்குவேன். அதில் தெரிவது என் வலது கையும் ஒரு கோடு போட்ட கொப்பியும் பேனையும்தான். முகம் தெரியாது. எழுத்தையும் வாசிக்க ஏலாத தூரத்தில் வைத்திருக்கிறேன். ஐம்பது நிமிடம் எழுதுவேன்.

பார்ப்பவர்கள் நாலைந்து பேர். அதில் ஒருத்தி ரொறன்ரோவில் இருக்கும் என் தங்கச்சி. இங்கே விடியும்போது அங்கே முதல்நாள் இரவு ஏழரை, பனிக்காலத்தில் ஆறரை. சாப்பிட்டுவிட்டு அவளும் தன் கொப்பியோடு வந்து இருப்பாள். ஒருவரோடு ஒருவர் கதைப்பதில்லை.

முப்பது வருடம் பிள்ளைகளின் கட்டுரை திருத்தியவள் நான். அம்மா சொன்ன ஊர்க்கதைகளை எழுதி வைக்க வேண்டும் என்று ஓய்வு பெற்ற நாளிலிருந்து நினைத்தேன். மூன்று கொப்பி வாங்கினேன். மூன்றிலும் முதல் நாலு பக்கம் நிரம்பியது, அதோடு நின்றது. நேரம் இருந்தது, கதையும் இருந்தது. நான் எழுதுகிறேனா இல்லையா என்று பார்க்கத்தான் ஒருவரும் இல்லை.

இதற்கு மருந்து எங்கள் வீட்டிலேயே முன்பு இருந்தது. 1990க்குப் பிறகு போரால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் கரண்ட் இல்லாத வருடங்கள். மண்ணெண்ணெய் குதிரை விலை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, கொஞ்சமாய் எண்ணெய் விட்டு எரிப்போம். அந்த ஒரு விளக்கைச் சுற்றித் தங்கச்சியும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரும் சோதனைக்குப் படிப்பார்கள்; நான் கொப்பி திருத்துவேன். ஒருத்தி கண் அயர்ந்தால் மற்றவள் தாள் திருப்பும் சத்தத்திலேயே நிமிர்ந்துவிடுவாள். எழுந்து போக ஒருவருக்கும் மனம் வராது. என் நேரலையும் அந்த விளக்குத்தான். இப்படிச் செய்பவள் நான் மட்டுமில்லை. கொரியாவில் பிள்ளைகள் மணிக்கணக்காகப் படிப்பதை அப்படியே நேரலையில் விடுகிறார்கள். லண்டனில் ஒரு எழுத்தாளர் குழு 2020 தொடக்கம் வார நாட்களில் ஸூமில் ஒன்றுகூடி, ஒரு மணி நேரம் பேசாமல் எழுதுகிறது.

ஆனால் பார்வையாளர் எல்லாருக்கும் ஒரேமாதிரி உதவுவதில்லை. ராபர்ட் ஸாயோன்ஸ் என்ற உளவியலாளர் 1965இல் எழுதிய கட்டுரை இதை விளக்குகிறது. நன்றாகப் பழகிய வேலையை மற்றவர் முன்னால் செய்தால் இன்னும் நன்றாக வரும். இன்னும் பிடிபடாத வேலையோ மற்றவர் பார்க்கக் கெடும். ஒரே நேரத்தில் நூறு விசயங்களில் கவனம் வைத்துக் காட்டும் சதாவதானிகள், எங்கள் புலோலி நா. கதிரைவேற்பிள்ளை போன்றவர்கள், சபை நடுவில் சோபித்தது அதனால்தான். அந்தப் பயிற்சி அவர்களுக்குள் ஊறியிருந்தது. வசனம் தேடித் தடுமாறுகிறவளுக்குச் சபை பாரம். அதனால்தான் நான் எழுத்தை மறைத்துக் கையை மட்டும் காட்டுகிறேன். முதல் கிழமை கருத்துப் பகுதியைத் திறந்து வைத்திருந்தேன். ‘என்ன எழுதுறீங்கள் ரீச்சர்?’ என்று யாரோ கேட்க, அன்று முழுவதும் ஒரு வசனமும் நகரவில்லை. அடுத்த நாளே அதை நிறுத்திவிட்டேன்.

எழுதி முடித்ததைக் காட்டும் துணிவு உள்ளவர்களுக்கு வேறு வழி உண்டு. ஜெயமோகன் 2014 ஜனவரி 1இல் ‘வெண்முரசு’ தொடங்கினார். நாவலுக்கும் நாவலுக்கும் நடுவில் இடைவெளி விட்டு, மற்றப்படி நாளுக்கொரு அத்தியாயமாக இணையத்தில் வெளியிட்டு, 2020 ஜூலையில் 26 நாவல்களோடு முடித்தார். நாளைக்கு வாசிக்க ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்பது எவ்வளவு பெரிய உந்துதல்!

தொடங்க நினைப்பவர்களுக்குச் சில விசயங்கள். ஃபோனிலிருந்து யூடியூப் நேரலை விட 50 சந்தாதாரர் வேண்டும். கணினிக் கமராவில் விட்டால் அந்த நிபந்தனை இல்லை. முதல்முறை அனுமதி கிடைக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். இணைப்பு வைத்திருப்பவர்கள் மட்டும் பார்க்கும்படியும் வைக்கலாம். நான் அதைத்தான் சொல்லுவேன்.

எத்தனை நாளில் பழகும்? லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் பிலிப்பா லாலியும் கூட்டாளிகளும் 96 பேரைக் கவனித்தார்கள். தண்ணீர் குடிப்பது, ஓடுவது போன்ற பழக்கங்கள் படிய நடுத்தரமாக 66 நாள் எடுத்தது. சிலருக்கு 18 போதும், சிலருக்கு 254 வரை போகும் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் தவறினால் பெரிய பாதகமில்லை என்றும் கண்டார்கள். அந்தக் கடைசி வரியைத்தான் நான் கொப்பி மட்டையில் எழுதி வைத்திருக்கிறேன்.

போன மாரியில் ஒரு நாள் கடும் மழை. கரண்டும் இல்லை, இணையமும் இல்லை. விளக்கைக் கொளுத்தி வைத்து எழுதினேன். ஆறு மணிக்குத் தங்கச்சி அழைத்தாள்.

“அக்கா, இண்டைக்குக் கை தெரியேல்லை. சுகமில்லையோ?”

“எழுதிக்கொண்டுதான் இருந்தனான்.”

“எத்தினை பக்கம்?”

“இரண்டே கால். நீ?”

“ஒண்டரை. வெறும் திரையைப் பாத்துக்கொண்டே எழுதினனான்.”