பிறகு திருத்த முடியாத தேர்வுகள்

ரவுட்டர், கடையில் பில் போடும் கருவி, பள்ளி ஆய்வகத்துச் சிறு கணினி என எதற்கு லினக்ஸ் ரூட் பார்ட்டிஷன் தயாரித்தாலும், வட்டை ஃபார்மேட் செய்யும் எம்கேஎஃப்எஸ் கட்டளையை எந்த விருப்பமும் தராமல் ஓட்டிவிடுவது பலருடைய பழக்கம். அதன் இயல்பு அமைப்புகள் பெரும்பாலும் நல்லவைதான். ஆனால் அவை நீங்கள் வேலை செய்யும் கணினிக்கு ஏற்றவை. வட்டு போய்ச் சேரும் கருவிக்கும் ஏற்றவையா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

எம்கேஎஃப்எஸ் அடங்கிய தொகுப்பான இ2எஃப்எஸ்புராக்ஸின் 1.47.0 பதிப்பு, 2023 பிப்ரவரியில் வெளிவந்தபோது, எக்ஸ்ட்4 வட்டுகளில் ‘ஆர்ஃபன் ஃபைல்’, ‘மெட்டாடேட்டா சிசம் சீட்’ என்ற இரண்டு அம்சங்களைத் தானாகவே சேர்க்கத் தொடங்கியது. அப்படி உருவாக்கிய வட்டை டெபியன் 11-இல் ஏற்றினால், அங்குள்ள, வட்டைச் சோதிக்கும் இ2எஃப்எஸ்சிகே ‘ஆதரவில்லாத அம்சம்’ என்று சொல்லி நின்றுவிடும். கருவி பூட் ஆகாது. வட்டிலோ எந்தப் பழுதும் இருக்காது. உருவாக்கும்போதே ‘ஓ’ விருப்பத்தில் அம்சத்தின் பெயருக்கு முன் ^ குறி போட்டு அதை விலக்கலாம். முன்பே உருவாக்கிவிட்டீர்கள் என்றால், அன்மவுன்ட் செய்துவிட்டு டியூன்2எஃப்எஸ் கொண்டு நீக்கலாம்.

இதற்காவது பிறகு மருந்து உண்டு. ஐனோடு விகிதத்துக்கு அதுவும் இல்லை. ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு ஐனோடு வேண்டும்; எத்தனை பைட்டுக்கு ஓர் ஐனோடு என்பது ஃபார்மேட் செய்யும் நொடியிலேயே முடிவாகிறது. இயல்பில் 16,384 பைட்டுக்கு ஒன்று. 8 ஜிபி பார்ட்டிஷனில் சுமார் 5 லட்சத்து 24 ஆயிரம் வரும். சின்னச் சின்னக் கோப்புகளாகக் குவியும் மெயில் சர்வரில் அது தீர்ந்துவிட்டால், பாதி வட்டு காலியாக இருக்கும்போதே ‘இடமில்லை’ என்று பிழை வரும். விகிதத்தை 8,192 ஆக்கினால் எண்ணிக்கை இரட்டிக்கும். அதற்கான கூடுதல் செலவு 128 எம்பிதான். மாறாக, இடத்தை மிச்சம் பிடிக்க ‘லார்ஜ்ஃபைல்4’ வகையைத் தேர்ந்தெடுப்பது ரூட் பார்ட்டிஷனுக்குப் பெரும் தவறு. 4 எம்பிக்கு ஓர் ஐனோடு என்றால் 8 ஜிபியில் சுமார் 2,048தான் கிடைக்கும். ஒரு முழு லினக்ஸ் விநியோகத்தை நிறுவவே அது போதாது.

ஐனோடின் அளவையும் கவனியுங்கள். 128 பைட் ஐனோடில் 2038 ஜனவரி 19, இந்திய நேரம் காலை 8.44-க்குப் பிந்தைய நேரத்தைப் பதிய முடியாது. 256 பைட்டில் 2446 வரை பதியலாம். 512 எம்பிக்குக் குறைந்த வட்டுகளுக்குப் பழைய பதிப்புகள் 128-ஐயே கொடுத்தன. பத்துப் பதினைந்து ஆண்டுகள் சுவரில் தொங்கப்போகும் மீட்டருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் இது தொலைவான கவலை அல்ல.

ரூட் பயனருக்கென ஒதுக்கப்படும் 5 சதவீத இடத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். வட்டின் பெயரைத் தவறாகக் கொடுத்துவிடுவதுதான் அபாயம். எஸ்எஸ்டியில் எம்கேஎஃப்எஸ் முதலில் பழைய பிளாக்குகளை எல்லாம் ‘டிஸ்கார்டு’ செய்கிறது. அதன்பின் மீட்பு மென்பொருளால் பெரும்பாலும் ஒன்றும் செய்ய முடியாது.

இதுவரை சொன்னது தயாரிப்பவருக்கு; கருவியை வாங்கியவருக்கும் உரிமை உண்டு. லினக்ஸ் கர்னலின் உரிமம் ஜிபிஎல் 2. அந்தக் கர்னலை வைத்துக் கருவி விற்பவர், மூல நிரலோடு அதைத் தொகுக்கவும் நிறுவவும் பயன்படும் ஸ்கிரிப்ட்களையும் தர வேண்டும். உடனே தராவிட்டால், கேட்பவருக்குத் தருவதாகக் குறைந்தது 3 ஆண்டுகளுக்குச் செல்லும் எழுத்துமூல உறுதியாவது தர வேண்டும். தயங்காமல் கேளுங்கள். கருவிக்குள் நுழையும் அனுமதி இருந்தால் டம்ப்இ2எஃப்எஸ் கட்டளையை ‘ஹெச்’ விருப்பத்தோடு ஓட்டுங்கள்: அம்சங்கள், ஐனோடு எண்ணிக்கை, அளவு மூன்றும் ஒரே திரையில் தெரியும். தயாரிப்பவர்களே, அந்த வெளியீட்டையும் முழு எம்கேஎஃப்எஸ் கட்டளையையும் ஒவ்வொரு இமேஜோடும் சேர்த்துக் கொடுங்கள்.