மரத்தின் கடைசி ஒலி

யு.கே.ஜி. படிக்கும் தன் மகளுக்கு வகுப்பில் நடந்ததை ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மரத்தின் படத்தைக் காட்டி, "கடைசியா என்ன சத்தம் கேக்குது?" என்று டீச்சர் கேட்டாராம். "ஓ" என்றாளாம் குழந்தை. தப்பு என்று உட்கார வைத்துவிட்டார்கள். கடிதம் வந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளைக்காக வாதாட வேண்டும் போலிருக்கிறது.

சொல்லின் முதலில், நடுவில், கடைசியில் நிற்கும் ஒலியைக் காதால் பிரிப்பது வாசிப்புக்கு அடித்தளம். முதல் ஒலி சீக்கிரம் பிடிபடும், கடைசி ஒலி சற்றுப் பொறுத்து. நடு ஒலிதான் பிள்ளைகளைத் திணறடிக்கும். சோவியத் உளவியலாளர் எல்கோனின் இதற்கு ஒரு வழி கண்டார். படத்துக்குக் கீழே, சொல்லில் எத்தனை ஒலியோ அத்தனை கட்டம். சொல்லை நிதானமாக இழுத்துச் சொல்லிக்கொண்டே, ஒலிக்கு ஒரு காயாகக் கட்டத்துக்குள் நகர்த்த வேண்டும். எழுத்தே கிடையாது. என் பேரனுக்கு நான் புளியங்கொட்டை கொடுத்தேன். 'கல்'லுக்கு மூன்று கொட்டை: க், அ, ல். எழுதினால் இரண்டு, காதுக்கு மூன்று!

இனி மரத்துக்கு வருவோம். பேச்சில் நாம் 'மரம்' என்று உதட்டை மூடுவதில்லை. 'மரோ' என்று மூக்கால் இழுத்து விட்டுவிடுகிறோம். 'நான்', 'வந்தான்' எல்லாம் அப்படியே: ன் கரைந்து உயிரெழுத்து மூக்கொலியாகிவிடுகிறது. கேட்டதைத்தான் அந்தக் குழந்தை சொன்னாள். அவள் காது நுட்பமானது.

அப்படியானால் ம் எங்கே போயிற்று? என் பாட்டி சந்தையில் தேங்காயைக் காதோரம் வைத்து ஆட்டுவார். சும்மா இருக்கிற காயில் தண்ணீர் கேட்காது, ஆட்டினால் 'களக்' என்று கேட்கும். சொல்லையும் அப்படி ஆட்டலாம். பின்னால் ஓர் 'ஆ' சேர்த்துக் கேளுங்கள்: "மரமா, செடியா?" உதடு மூடி ம் வெளியே வந்துவிடும். "நானா?" என்றால் ன். 'அம்மா'வை ஆட்டினால், "அம்மாவா?" கடைசியில் ம் வராது, ஒட்டுக்கு ஒரு வ் மட்டும் வரும்; அங்கே கடைசியில் இருப்பது உயிர்தான்.

எந்த எழுத்து சொல்லுக்கு முதலில் வரும், எது இறுதியில் வரும் என்று தொல்காப்பியர் மொழிமரபு என்ற இயலில் ஒரு பகுதியையே ஒதுக்கியிருக்கிறார். அவருடைய மொழிக்காரர்களான நாம், காது பழகும் முன்பே மூன்று வயதுப் பிள்ளையின் கையில் பென்சிலைத் திணித்து, பார்த்து எழுது என்கிறோம். பக்கம் நிறைகிறது, ஒன்றும் ஒலிப்பதில்லை. அந்த நோட்டைச் சில மாதம் மூடி வைத்தால் என்ன? சோறு ஊட்டும்போது பத்து நிமிடம் போதும் இந்த விளையாட்டுக்கு.

கடிதம் எழுதிய தாய்க்கு: இன்று இரவு மகளிடம், "நீ சொன்னது சரிதான், எனக்கும் ஓ-தான் கேட்டுச்சு" என்று முதலில் சொல்லுங்கள். பிறகு "மரமா?" என்று அவளையே கேட்கச் சொல்லி, உதடு மூடுகிற நொடியில் ஒரு புளியங்கொட்டையை நகர்த்தச் சொல்லுங்கள்.