ஊதா மூடிக் குழாயின் பசி

என் ரத்தம் என் கண்ணெதிரே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது!

உடம்பை விட்டு வெளியே வந்து கால் மணி நேரம் ஆகிறது. ஊதா மூடி போட்ட சின்னக் குழாயில், ஸ்டாண்டில், பரம சாதுவாக நிற்கிறது. அசைவில்லை, சத்தமில்லை. ஆனால் உள்ளே ஒரு கன மில்லிமீட்டருக்குச் சுமார் 50 லட்சம் சிவப்பணுக்கள். ஒவ்வொன்றும் இந்த நிமிடம் குளுக்கோஸைப் பிடித்து, வளைத்து, உடைத்துத் தின்றுகொண்டிருக்கிறது. நான் இங்கே நாற்காலியில். என் பசி அங்கே ஸ்டாண்டில்.

அக்கா மகள் எம்.பி.பி.எஸ். முதலாமாண்டு படிக்கிறாள். ஒரு மாதமாக அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு மேலே ஒரு சார்ட் தொங்குகிறது. மேலே குளுக்கோஸ், கீழே பைருவேட், நடுவில் பத்துப் படி, பத்து நொதி. கிளைக்காலிசிஸ். பள்ளிக்கூடத்தில் ‘குளுக்கோஸ் பிளப்பு’ என்று ஒரே பத்தியில் நாம் தாண்டி வந்த அதே சங்கதிதான். தோசையைப் பிய்த்துக்கொண்டே அவள் மேலிருந்து கீழாக ஒப்பிப்பாள். கடைசி விள்ளலோடு பைருவேட் வந்துவிடும். ஒருநாள் பொறுக்கமுடியாமல் கேட்டேன்: “கண்ணுக்கே தெரியாத ஒண்ணு, நொடிக்குள்ள நடந்து முடியுது. அதைப் பத்துப் படின்னு யாருடி போய் எண்ணிட்டு வந்தது?”

“சனிக்கிழமை லேபுக்கு வாங்க சித்தி. மேடம்கிட்ட கேட்டு வைக்கிறேன்.”

அப்படித்தான் பயோகெமிஸ்ட்ரி லேபின் கறுப்புக் கல் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தேன். லேப் டெக்னீஷியன் அண்ணன் என் கையில் ஊசி போட்டு, ஒரே ரத்தத்தை இரண்டு குழாயில் பிடித்தார். ஒன்றுக்கு ஊதா மூடி, இன்னொன்றுக்குச் சாம்பல் மூடி. கொஞ்சத்தை உடனே சுழலவிட்டுப் பிளாஸ்மாவைப் பிரித்துச் சர்க்கரை பார்த்தார். 94. மீதி இரண்டு குழாயும் நாலு மணி நேரம் மேசை மேலேயே இருக்கட்டும் என்று மேடம் சொல்லிவிட்டார்.

“ரெண்டுலயும் உங்க ரத்தம்தான் சித்தி. ஆனா சாம்பல் மூடிக்குள்ள ஒரு பூட்டு இருக்கு.”

சாம்பல் மூடிக் குழாயை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சர்க்கரைப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும்போது அந்தக் குழாயைத்தான் தேடி எடுப்பார்கள். அதன் அடியில் வெள்ளைப் பொடியாகச் சோடியம் ஃபுளோரைடு ஒட்டியிருக்கும். சாதாரணக் குழாயில் ரத்தத்தை அப்படியே வைத்தால் சர்க்கரை மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறைந்துகொண்டே போகும். தின்பது வேறு யாருமில்லை, ரத்தமேதான்! ஃபுளோரைடு போய் ஒன்பதாவது படியில் இருக்கும் ஈனோலேஸ் என்ற நொதியைப் பிடித்துக்கொள்கிறது.

சிவப்பணுவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், எனக்கு அதன் மேல் அவ்வளவு பிரியம் வந்துவிட்டது. உட்கரு கிடையாது, மைட்டோகாண்ட்ரியா கிடையாது. உடம்பு முழுக்க ஆக்சிஜனைச் சுமந்துகொண்டு ஓடுகிறது; தனக்கென்று அதில் ஒரு மிடறு எடுத்துக்கொள்வதில்லை. 120 நாள் ஆயுளையும் இந்தப் பத்துப் படி தரும் சொற்ப வருமானத்திலேயே நடத்திவிடுகிறது. கிளைக்காலிசிஸை வேறு எதுவும் கலக்காமல் பார்க்க வேண்டுமென்றால் இதைவிட நல்ல இடம் கிடையாது.

காத்திருக்கும் நேரத்தில் மேடம் என்னைச் சார்ட்டின் உள்ளே கூட்டிக்கொண்டு போனார். வாங்க, நீங்களும்!

குளுக்கோஸ் உள்ளே வந்ததும் முதல் வேலை, அதைத் திரும்பிப் போகவிடாமல் செய்வது. அதற்கு ஹெக்ஸோகைனேஸ். விரித்த உள்ளங்கை மாதிரி இருக்கும் நொதி. குளுக்கோஸ் வந்து நடுக்குழியில் உட்கார்ந்தவுடன் இரண்டு பக்கமும் மடங்கி மூடிக்கொள்கிறது. மூடுகிற மூடலில் தண்ணீரும் வெளியேறிவிடுகிறது. தண்ணீர் உள்ளே இருந்தால், செல்லின் சக்திக் காசான ஏடிபி கொண்டுவந்த பாஸ்பேட்டை அது வாங்கிக்கொண்டு போய்விடும், செலவு வீண். மூடிய கைக்குள் பாஸ்பேட் சர்க்கரையின் மேல் ஏறுகிறது. அவ்வளவுதான், மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போட்டாயிற்று. மின்னேற்றம் உள்ள பாஸ்பேட்டோடு அந்தச் சர்க்கரை செல்லின் எண்ணெய்ச் சவ்வைத் தாண்டி வெளியே போக முடியாது. மேடம் தன் கையையே மூடி மூடித் திறந்து காட்டினார். நானும் மூடித் திறந்தேன். பக்கத்து மேசையில் இருந்த மாணவர்களும் மூடித் திறந்தார்கள்!

மூன்றாவது படியில் இன்னொரு பாஸ்பேட் ஏறுகிறது. இந்தப் படியின் நொதி, பாஸ்போஃபிரக்டோகைனேஸ், வீட்டுக் கணக்கு பார்க்கிற அம்மா மாதிரி. செல்லில் ஏடிபி நிறைய இருந்தால் கையைச் சுருக்கிவிடும். குறைந்தால் வேகத்தைக் கூட்டிவிடும். ஆக இதுவரைக்கும் இரண்டு ஏடிபி செலவு, வரவு ஒன்றுமில்லை. இது விதைநெல். கடைசியில் நாலாகத் திரும்பி வரும், நிகர லாபம் இரண்டு.

நாலாவது படிதான் பெயருக்கேற்ற பிளப்பு. ஆறு கார்பன் சர்க்கரை மும்மூன்று கார்பனாக இரண்டாகிறது. ஆனால் இரண்டு பாதியும் ஒன்று போல இல்லை; ஒன்றுதான் அடுத்த படிக்குப் போக லாயக்கு. மற்றது வீணா? கிடையாது. ட்ரையோஸ் பாஸ்பேட் ஐசோமரேஸ் என்று ஒரு நொதி காத்திருக்கிறது. வந்ததைத் திருப்பிப் போட்டு லாயக்கானதாக்கி அனுப்புகிறது. வினாடிக்கு 4,000 தடவைக்கு மேல் அது வேலை செய்யும் என்றார் மேடம். மூலக்கூறு மிதந்து வந்து சேர்வதற்கு ஆகும் நேரம்தான் அதற்குத் தடை. வந்துவிட்டால் வேலை முடிந்தது மாதிரிதான். இதற்கு மேல் வேகமாகச் செய்ய இயற்கையில் இடமே இல்லையாம். எனக்குப் புல்லரித்துவிட்டது.

மீதிப் படிகளில் ஹைட்ரஜனைக் கழற்றுவதும் பாஸ்பேட்டை இடம் மாற்றுவதும் ஏடிபி ஆக்குவதும் மளமளவென்று நடந்து பைருவேட் வந்துவிடுகிறது. சிவப்பணுவில் அது லாக்டிக் அமிலமாகும். ஈஸ்ட்டில் சாராயமும் கரியமில வாயுவும் ஆகும்.

சரி, இதை எப்படிப் பார்த்தார்கள்? நான் கேட்ட கேள்விக்கு மேடம் ஒரே வரியில் பதில் சொன்னார்: “ஓடவிட்டுப் பார்க்கலைங்க, நிறுத்திப் பார்த்தாங்க.”

வாய்க்காலில் ஒரு மடையை அடைத்தால் என்ன ஆகும்? அடைத்த இடத்துக்கு மேலே தண்ணீர் தேங்கும், கீழே வற்றும். எங்கே தேங்குகிறது என்று பார்த்தால் வாய்க்காலின் வழி தெரிந்துவிடும். இந்தப் பத்துப் படியும் அப்படிக் கண்டுபிடித்ததுதான்!

முதல் வாசல் தற்செயலாகத் திறந்தது. உயிருள்ள செல் இல்லாமல் நொதித்தல் நடக்காது என்பது பாஸ்டர் காலத்து நம்பிக்கை. ஜெர்மனியில் எடுவர்ட் பூக்னர் ஈஸ்ட்டை மணலோடு சேர்த்து அரைத்து, பிழிந்து, சாறு எடுத்தார். சாறு கெட்டுப்போகாமல் இருக்க, பழப்பாகுக்குப் போடுகிற மாதிரி சர்க்கரையைக் கொட்டினார். சாறு நுரைக்கத் தொடங்கியது! ஒரு செல்கூட உயிரோடு இல்லை, நொதித்தல் நடக்கிறது. 1897இல் அவர் அதை எழுதினார். 1907இல் நோபல் பரிசு.

லண்டனில் ஆர்தர் ஹார்டனும் வில்லியம் யங்கும் அந்தச் சாற்றைத் தொடர்ந்தார்கள். நுரைப்பு மெல்ல மெல்ல அடங்கும்போது பாஸ்பேட் உப்பைப் போட்டால் மறுபடி பொங்கியது. போட்ட பாஸ்பேட் எங்கே போயிற்று என்று தேடினால், சர்க்கரையின் மேலேயே உட்கார்ந்திருந்தது. மூக்கணாங்கயிற்றை முதலில் கண்டவர்கள் அவர்கள்தான்.

அதன் பிறகு வந்தவை பூட்டுகள். கோபன்ஹேகனில் ஐனார் லுண்ட்ஸ்கார்ட் அயோடோஅசிட்டிக் அமிலத்தைத் தசைக்குக் கொடுத்தார். அது ஆறாவது படியை அடைத்துவிடும். லாக்டிக் அமிலம் உண்டாகாது. அந்த அமிலம்தான் தசையைச் சுருக்குகிறது என்று அன்று எல்லோரும் நம்பினார்கள். ஆனால் தசை கொஞ்ச நேரம் சுருங்கிக்கொண்டுதான் இருந்தது. 1930இல் அவர் இதை வெளியிட்டபோது, லாக்டிக் அமில ஆராய்ச்சிக்காகவே நோபல் வாங்கிய ஓட்டோ மேயர்ஹாஃப் அதை ஏற்றுக்கொண்டார். எவ்வளவு பெரிய மனசு! ஃபிராங்ஃபர்ட்டில் குஸ்டாவ் எம்டன் ஃபுளோரைடு போட்டு அடைத்தார், பாஸ்போகிளிசரேட் தேங்கியது. அதைப் பிடித்துக்கொண்டு 1933இல் வழி முழுவதற்கும் ஒரு வரைபடம் போட்டார். அதே ஆண்டு இறந்தும்போனார். என் சாம்பல் மூடிக் குழாயில் இருப்பது எம்டன் போட்ட அதே பூட்டு!

இந்த இடத்தில் அண்ணன் ஓர் அலமாரியைத் திறந்து இரண்டு பாட்டில்களை எடுத்து வைத்தார். “ஃபிஸ்கே–சுப்பாராவ்” என்றார். நான் எழுந்தே நின்றுவிட்டேன். எல்லப்பிரகட சுப்பாராவ்! அன்றைய மதராஸ் மாகாணத்து பீமாவரத்தில் 1895இல் பிறந்து, நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அறுவைச் சிகிச்சை வகுப்புக்குக் கதர் அங்கி போட்டுக்கொண்டு போனதால் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தவர். அமெரிக்காவில் ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயோடு சேர்ந்து, பாஸ்பேட்டை நீல நிறத்தால் அளக்கும் முறையை 1925இல் கொடுத்தார். பாஸ்பேட் கூடக் கூட நீலம் அடர்த்தியாகும்.

தசைச் சாற்றை அதில் விட்டபோது நீலம் உடனே முழுசாக வரவில்லை. மெல்ல மெல்ல ஏறியது. தவறு என்று கொட்டிவிடாமல் அவர்கள் அதன் பின்னாலேயே போனார்கள். மறைந்திருந்த ஏதோ ஒன்றிலிருந்து பாஸ்பேட் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வருகிறது! அதுதான் பாஸ்போகிரியேட்டின், 1927. லுண்ட்ஸ்கார்டின் தசை லாக்டிக் அமிலம் இல்லாமல் சுருங்கியது அதன் தயவில்தான். 1929இல் ஏடிபியையும் தசையிலிருந்து பிரித்தார்கள். அதே ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியாகக் கண்டார். யானைக்கால் நோய்க்கு வீடு வீடாக வந்து கொடுக்கிறார்களே, அந்த டி.இ.சி. மாத்திரையும் பிற்பாடு சுப்பாராவ் வழிநடத்திய ஆராய்ச்சிக் குழுவிலிருந்து வந்ததுதான். இந்தப் பெயரைச் சார்ட்டில் எங்கும் காணோமே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. அக்கா மகள் பேனாவை எடுத்துத் தன் நோட்டில் ஏடிபி என்று எழுதியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.

அண்ணன் ஒரு குழாயில் கலந்து காட்டினார். முதலில் தண்ணீர் மாதிரி. பிறகு அடியில் புகை மாதிரி ஒரு நீலம். ஐந்து நிமிடத்தில் நல்ல சங்குப்பூ நிறம். நான் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மணி இரண்டு. குழாய்களைச் சுழலவிட்டு, பிளாஸ்மாவை எடுத்து, வினைப்பொருளோடு சேர்த்தோம். இளஞ்சிவப்பு வந்தது, ஒன்றில் கொஞ்சம் அடர்த்தி, ஒன்றில் வெளிறல். ஊதா மூடி 75. சாம்பல் மூடி 88.

“பூட்டுப் போட்டதும் 94லேயே நிக்க வேண்டாமா?” என்று கேட்டேன்.

மேடத்தின் முகம் மலர்ந்துவிட்டது. அந்த ஆறு புள்ளிதான் இன்றைய பாடமே என்றார். ஃபுளோரைடு அடைப்பது ஒன்பதாவது மடையை. மேலே எட்டுப் படியும் திறந்தே இருக்கின்றன. தேக்கம் ஏறி ஏறி முதல் மதகுக்கு வந்து சேரும் வரை குளுக்கோஸ் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குச் சர்க்கரை குறைந்து, பிறகுதான் நிற்கும். எட்டுப் படி தள்ளி எங்கோ அடைத்த அடைப்பு, என் எண்ணில் ஆறு புள்ளியாக வந்து நிற்கிறது! சார்ட்டில் வரைந்த அம்புக்குறிகள் எல்லாம் அந்த 88க்குள் இருந்தன.

கேன்டீனில் லெமன் சாதம் சாப்பிடும்போது அவள் மீதிக் கதையை அவசர அவசரமாகச் சொன்னாள். மைட்டோகாண்ட்ரியா உள்ள செல்களில் பைருவேட் அங்கே போய் கிரெப்ஸ் சுழற்சியில் விழுகிறது. ஹான்ஸ் கிரெப்ஸ் ஷெஃபீல்டில் புறாவின் நெஞ்சுத் தசையை வைத்து 1937இல் கண்டது. அதற்கும் மேலோனேட் என்ற பூட்டு உதவியது, சக்சினேட் தேங்கியது. நேச்சர் இதழ் அந்தக் கட்டுரையை எடுத்துக்கொள்ளவில்லை. 1953இல் நோபல் வந்தது. ஒரு குளுக்கோஸுக்கு மொத்தம் 30, 32 ஏடிபி. ஓய்வாக இருக்கும் மனிதரே நாளுக்குச் சுமார் 40 கிலோ ஏடிபியைச் செலவழிக்கிறார். உடம்பில் எந்த நேரமும் இருப்பு ஏறக்குறைய 100 கிராம்தான். அந்த நூறு கிராமே திரும்பத் திரும்ப நிரம்பிக்கொண்டிருக்கிறது.

“நிரப்புற மெஷினைப் பாக்குறீங்களா?” போனை நீட்டினாள். 1997இல் ஜப்பானில் ஹிரோயுகி நோஜியும் கூட்டாளிகளும் அந்த மெஷினான ஏடிபி சிந்தேஸ் நொதியின் தலைப்பகுதியைக் கண்ணாடியில் ஒட்டி, அதன் அச்சில் ஒளிரும் ஆக்டின் இழை ஒன்றைக் கட்டிவிட்டார்கள். நுண்ணோக்கியில் அந்த இழை சுற்றியது. கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கீற்று, சுற்றிச் சுற்றி. ஒரு தனி மூலக்கூறு சுற்றுவதைக் கண்ணால் பார்க்கிறேன்! லெமன் சாதம் ஆறிக்கொண்டிருந்தது. நாலு தடவை போட்டுப் பார்த்தோம்.

லேபுக்குத் திரும்பியபோது அண்ணன் ஸ்டாண்டைக் காலி செய்துகொண்டிருந்தார். ஊதா மூடிக் குழாயில் அடியில் கொஞ்சம் ரத்தம் மிச்சமிருந்தது. கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

“இன்னும் சாப்பிடுதா?”

“சர்க்கரை இருக்கிற வரைக்கும் சாப்பிடும்மா,” என்றார் அவர்.