சுவரும் வண்ணமும் – 9: கோடுகளாகிப் போன ஓவியம்

பெரிய அளவில் டிஜிட்டல் அச்சு என்றாலே நம் கண்முன் வருவது தெருமுனை பிளெக்ஸ்தான். நாலு மழைக்கு வெளுத்துவிடும். விழா முடிந்தால் யாரோ ஒருவர் வீட்டுக் கூரைக்குப் போய்விடும். அந்த நினைப்போடு பார்த்தால், ஓர் அரூப ஓவியத்தை அச்சடித்துப் பொது இடத்தில் வைப்பது ஓவியத்துக்குச் செய்யும் அவமரியாதையாகவே தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அச்சு மலிவாவது, அது ஓவியம்போல வேஷம் கட்டும்போதுதான். தான் அச்சு என்பதை மறைக்காமல், தூரிகைக்கு எட்டாத ஒரு வேலையைச் செய்தால் அதற்கென்று தனி மதிப்பு வந்துவிடுகிறது. ஜெர்மன் ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் இதைத் தன் முதுமையில் செய்து காட்டியிருக்கிறார்.

1990இல் அவர் வரைந்த ஓர் அரூப ஓவியத்துக்கு 724-4 என்று எண். ஸ்கிரீன் பிரின்டிங் பட்டறைகளில் மையை இழுக்கும் ஸ்குவீஜி இருக்கிறதே, அதைப் பல மடங்கு பெரிதாக்கினாற்போன்ற பட்டையால் ஈர வண்ணத்தை இழுத்துப் படம் செய்வது அவர் பாணி. 2011இல் அந்த ஓவியத்தின் படத்தைக் கணினியில் ஏற்றி, நெடுக்குவாட்டில் இரண்டாக, நான்காக, எட்டாக என்று 4096 வரை வகுத்தார். பன்னிரண்டு கட்டங்களில் மொத்தம் 8190 கீற்றுகள். கீற்று மயிரிழையாக மெலிந்தபின் அதில் உருவம் ஏதும் மிஞ்சாது. மேலிருந்து கீழாக வண்ணப் புள்ளிகளின் ஒற்றை வரிசைதான் இருக்கும். அதைக் கண்ணாடிபோல் திருப்பிப் பக்கத்தில் வைத்து, மறுபடி மறுபடி அடுக்கினால் ஒவ்வொரு புள்ளியும் ஒரு படுக்கைக் கோடாக நீள்கிறது. ‘ஸ்ட்ரிப்’ வரிசைப் படங்கள் இப்படிப் பிறந்தவை. அலுமினியத் தகட்டுக்கும் அக்ரிலிக் பலகைக்கும் நடுவே ஒட்டிய அச்சுகள் அவை. வண்ணத்தின் மேடுபள்ளம் துளியும் கிடையாது.

எல்லாம் இயந்திரம் செய்தது, இதில் ஓவியர் எங்கே என்று கேட்பார்கள். வகுத்தது மென்பொருள்தான். ஆயிரக்கணக்கான கீற்றுகளில் எது வேண்டும், எவ்வளவு நீளம், எதன் பக்கத்தில் எது என்பதை மென்பொருள் சொல்லவில்லை. கொலோன் பேராலயத்தின் சாளரத்துக்காக 2007இல் 72 நிறங்களில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணாடிச் சதுரங்களைக் கணினியின் குருட்டு வரிசைப்படி அடுக்கினார்களே, அங்கும் நிறங்களைப் பொறுக்கியது அவர்தான்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: அச்சில் வண்ணத்தின் உடம்பு போய்விடுகிறது. உண்மைதான், மழுப்ப முடியாது. ஆனால் அந்த இழப்பே பொருளாக மாறும் இடமும் உண்டு. 1944இல் அவுஷ்விட்ஸ்-பிர்கெனாவ் வதைமுகாமில் கைதிகள் உயிரைப் பணயம் வைத்து ரகசியமாக எடுத்த நான்கு புகைப்படங்களை ரிக்டர் கேன்வாஸுக்கு மாற்றினார். பிறகு, உருவம் தெரியாதபடி மேலே வண்ணத்தை இழுத்து மூடினார். 2014இல் முடிந்த ‘பிர்கெனாவ்’ இதுதான். பெர்லினில் நாடாளுமன்றம் கூடும் ரைக்ஸ்டாக் கட்டடத்தின் முகப்பு மண்டபத்தில் தொங்குவது மூல ஓவியங்கள் அல்ல, அவற்றின் அச்சுவடிவம். ஒவ்வொரு படமும் நான்கு துண்டுகளாகப் பிரிந்து நிற்கிறது. நடுவே ஓடும் இடைவெளியைப் பார்த்த எவரும் இதை மூலம் என்று எண்ணி ஏமாறமாட்டார்கள். எதிரே தேசியக்கொடி நிறங்களில் அவரே 1999இல் அமைத்த கண்ணாடிப் படைப்பு, சுமார் 20 மீட்டர் உயரம். புகைப்படத்தை மூடிய வண்ணம், அந்த வண்ணத்தின் புகைப்படம் என்று விலகிக்கொண்டே போகும் அந்தத் தூரத்தை ஒரு எண்ணெய் ஓவியம் தனியாகச் சொல்லியிருக்காது.

திறந்தவெளிக்கு வந்தால் எண்ணெய் ஓவியத்துக்கு வேலையே இல்லை. 2024இல் லண்டன் கென்சிங்டன் கார்டன்ஸில், செர்ப்பென்டைன் காட்சிக்கூடத்துக்கு வெளியே நின்ற ‘ஸ்ட்ரிப்-டவர்’ அதே கோடுகளைப் பீங்கான் ஓடுகளில் ஏற்றியது. ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் பலகைகள். உள்ளேயும் போய் நிற்கலாம். ஹோட்டல் வரவேற்பறை அலங்காரம்போல இருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போகமாட்டேன். சுவரில் மாட்டிய சில ‘ஸ்ட்ரிப்’ படங்கள் அந்தப் பக்கம் சாயத்தான் செய்கின்றன. பூங்காவில் விஷயம் வேறு. கோடுகள் பார்வையை ஓரிடத்தில் நிற்கவிடாமல் தள்ளிக்கொண்டே போக, நிலைகொள்ள இடம் தேடும் கண் கடைசியில் பிடித்துக்கொள்வது ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவிலுள்ள இணைப்பைத்தான்.